சித்தப்பாவின் கிணற்று மருந்து

இங்கே பர்மாவில், ஷ்வேப்யிதாவில் ஃபேக்டரி வேலைக்குப் போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் குடிப்பது என் தண்ணீர்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத ஒரு பொம்பளை, ஆழ்குழாய்க் கிணறும் லாரிகளும் வைத்துக்கொண்டு படித்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறாள் என்றால் அது சும்மா வந்ததா? ஒரு வாய்த் தண்ணீரை நாக்கில் வைத்தால் போதும், உப்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். சோதனை செய்ய வருகிற பர்மாக்காரப் பையன் தன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு, அமே" என்று தலையைச் சொறிவான். அமே என்றால் அம்மா. எங்கே படித்தீர்கள் என்று கேட்பான். காட்டில் என்பேன். சிரிப்பான். நானும் சிரித்துவைப்பேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. போட்டாதாங் துறையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பாவுக்கு அந்த வருஷம் வேலை சரியாக அமையவில்லை. தடிஞ்யூ விளக்குத் திருவிழா முடிந்த கையோடு, மாவ்பிக்கு வடக்கே காட்டில் மூங்கில் வெட்டலாம் வாருங்கள் என்று ஒரு பர்மாக்காரக் கிழவர் கூப்பிட்டார். அவரை ஊலே என்போம். பர்மியில் சித்தப்பா, மாமா என்று எல்லாருக்கும் அந்த ஒரே சொல்தான். அப்பாவின் தம்பி, என் சித்தப்பாவும் சேர்ந்துகொண்டார். வீட்டில் தம்பி பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அம்மா நகர முடியாது. ஆகவே சோறு பொங்க நான் போனேன். மூன்று ஆம்பளைகளுக்கு நான் ஒருத்தி பொங்கினேன். ஒரு வேளையும் குழையவில்லை, ஒரு வேளையும் அடிப்பிடிக்கவில்லை.

சித்தப்பா ஒரு மருந்தகத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், தன்னைப் பாதி டாக்டர் என்பார். அவருடைய துணிப்பையில் இரண்டு புட்டிகள் இருந்தன. ஒன்றில் கிளிசரின், வெடித்த உதட்டுக்குத் தடவ. இன்னொன்றில் எள்ளைவிடச் சின்னதாக, கருஞ்சிவப்பாக மின்னும் மணிகள். கிணற்றில் போடுகிற மருந்து என்றுதான் சொல்வார். பர்மாங்கனேட் என்ற பெயரை நான் தொழிலுக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஓடைத் தண்ணீரைக் கூஜாவில் மொண்டு, மூன்று நாலு மணியைப் போடுவார். ஊதா நிறத்தில் ஒரு கோடு பாம்புக்குட்டி மாதிரி நெளிந்து இறங்கும். பிறகு கூஜா முழுக்க வெளிறிய ரோஜா நிறம் ஆகிவிடும்.

"அரை மணி நேரம் ஒருத்தரும் தொடப்படாது. உள்ள பூச்சிங்க சாகுது" என்பார்.

நான் கூஜாவில் காதை வைத்துக் கேட்பேன். ஏதோ கேட்கிற மாதிரித்தான் இருக்கும்.

அப்பாவுக்குப் பொறுமை கிடையாது. "ஊதாத் தண்ணியப் பொம்பளைங்க குடிக்கட்டும்டா" என்று ஓடையில் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடிப்பார்.

போன முதல் நாளே ஊலே ஒரு மூங்கில் புதரில் சின்னத் தட்டு கட்டி, சிவப்புத் துணி சுற்றிய தேங்காயை வைத்தார். பர்மாக்காரர்கள் நாட் என்று சொல்லும் காட்டுச் சாமிக்கு. கும்பிட்டுவிட்டு எங்களைக் கூப்பிட்டு ஒரு கட்டளை போட்டார். காட்டை விட்டுப் போகும்வரை யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

"ஏன் ஊலே?" என்று கேட்டேன்.

"அது கத்துக்கும், தமீ" என்றார். தமீ என்றால் மகளே. "பேரு தெரிஞ்சிட்டா அது கூப்பிடும். கூப்பிட்டா ஒருத்தர் போய்த்தான் ஆகணும். பேருக்குரியவங்க போகணும், இல்லேன்னா பேரச் சொல்லிக் குடுத்தவங்க போகணும்."

அந்த மூங்கில் காட்டில் நடுப்பகலிலும் வெளிச்சம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத்தான் இருக்கும். காற்றே இருக்காது. ஆனால் எங்கேயோ ஒரு மூங்கில் இன்னொன்றோடு உரசி, கதவு திறக்கிற மாதிரி முனகும். கதவு மூடுகிற சத்தம் மட்டும் வராது. நான் அடுப்படியில் உட்கார்ந்து அதற்காகக் காத்துக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் சித்தப்பாவுக்குக் குறும்பு ஏறியது.

"ஊலே, உங்க சாமிய நான் கூப்பிடட்டுமா?"

"டேய், கிழவரச் சீண்டாத. போய் வெட்டுற வேலயப் பாரு" என்றார் அப்பா.

சித்தப்பா கேட்கவில்லை. ஒரு காய்ந்த பாளையில் மணிகளைக் குவித்து, மேலே கிளிசரினை விட்டார். பின்னால் நகர்ந்து கைகட்டி நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. "சாமி சாப்பிட்டுட்டுத் தூங்குது போல" என்று அப்பா சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் குவியலின் நடுவே ஒரு நூல் புகை எழும்பியது. உஸ் என்றது. தீக்குச்சி இல்லை, கங்கு இல்லை, யாரும் கிட்டேயும் இல்லை. தானாகவே குபீரென்று பற்றிக்கொண்டது. ஓரம் ஊதாவாக எரிந்த தீயை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

ஊலே மண்ணில் விழுந்துவிட்டார். சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, குரலை மாற்றிக்கொண்டு சொன்னார்: "வந்துட்டாரு. கேக்குறத இப்பவே கேட்டுக்குங்க. தீ எரியறப்ப கேட்டா இல்லேன்னு சொல்ல மாட்டாரு."

கண்ணடித்ததை நான் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்றுதான் தெரியவில்லை. சாமி கூப்பிட்டதும் வந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பக்கத்துக் கூடாரத்து ஆட்கள் கேட்டு வந்தார்கள். அவர்களுக்கும் இரண்டு தடவை செய்து காட்டினார். புட்டியில் மணி கால்வாசிக்கு வந்தது.

நாலாம் நாள் பகலில் பருவம் தப்பிய மழை ஒன்று அடித்துவிட்டுப் போனது. ஒரே மழைதான். தீப்பெட்டிகள் கூழாகிவிட்டன. விறகு ஊறிவிட்டது. பக்கத்துக் கூடாரத்தார் அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள். ஓடை காவி நிறத்தில் புரண்டது. மூங்கிலை மூங்கிலால் அறுத்துத் தீ எடுக்கத் தெரிந்த ஊலேவுக்கும் அந்த ஈரத்தில் புகைகூட வரவில்லை. அன்றுதான் அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. சாயங்காலத்துக்குள் அவரால் எழுந்து புதர் வரைக்கும்கூடப் போக முடியவில்லை. விடிந்ததும் ஊலே வண்டி கொண்டுவர நடந்தே கிளம்பினார். போக ஒரு நாள், வர ஒரு நாள்.

சித்தப்பா புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இத வச்சுத் தீ மூட்டுனா ஈர விறகுல நிமிஷத்துல அணஞ்சிடும். தண்ணிக்குப் போட்டா வண்டி வர வரைக்கும் காணும். தண்ணிக்குத்தான்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. ஒரு கூஜா கலந்து, அரை மணி நேரம் பொறுத்து, கரண்டி கரண்டியாக அப்பா வாயில் விட்டார்.

காய்ச்சல் ஏறியது. அப்போதுதான் அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மெதுவாக இல்லை, துறையில் கப்பலுக்குக் குரல் கொடுக்கிற மாதிரி. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டார். ஓடைக்கு அக்கரையிலிருந்து யாரோ என் பெயரைத் திருப்பிச் சொன்னார்கள். அப்பா குரலேதான். ஆனால் அப்பாவை விட நிதானமாக, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி.

எதிரொலி என்று இன்று எனக்குத் தெரியும். அக்கரையில் ஒரு பாறைச் சரிவு இருந்தது. ஆனால் அப்பா கூப்பிடுவதை நிறுத்திய பிறகும் ஒரு தடவை கேட்டதே, அதற்கு எந்தப் படித்தவனும் இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

ஒன்று நான் போக வேண்டும், இல்லையென்றால் அப்பா. ஊலே சொன்னது அதுதான். எனக்குப் போகப் பயமாக இருந்தது. அப்பாவை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை.

இரண்டு ராத்திரியாகக் கண் மூடாத சித்தப்பா மத்தியானம் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். நான் பையிலிருந்து இரண்டு புட்டிகளையும் எடுத்துக்கொண்டு ஊலே கட்டிய தட்டுக்குப் போனேன். ஒரு கொட்டாங்கச்சியில் மணிகளைக் கொட்டி, புட்டியில் ஒட்டியதையும் ஒன்று விடாமல் விரலால் வழித்துப் போட்டேன். கிளிசரினை ஊற்றினேன். என் பெயரையும் அப்பா பெயரையும் சத்தமாகச் சொன்னேன். எப்படியும் அதற்குத் தெரிந்துவிட்டது, இனி மறைத்து என்ன? இரண்டு பேருமே வரமாட்டோம், வேறு எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத் தெரிந்த நூறு வரைக்கும் எண்ணினேன். மூங்கில்கள் முனகுவதைக்கூட நிறுத்திவிட்டன. சாமிக்கு இஷ்டமில்லை என்று திரும்பி நடந்தேன். பத்தடி போயிருப்பேன், முதுகுக்குப் பின்னால் உஸ் என்றது. திரும்பிப் பார்த்தேன். ஆளில்லாத இடத்தில் அந்த ஊதாத் தீ நின்று எரிந்துகொண்டிருந்தது. கொட்டாங்கச்சி பற்றி, தேங்காயின் சிவப்புத் துணி பற்றி, தட்டே எரிந்தது. சரி என்று சொல்லிவிட்டது!

சந்தோஷத்தில் அழுதுகொண்டே அது அணையும்வரை கும்பிட்டபடி நின்றேன். கொட்டாங்கச்சி எரிந்தால் கால் மணி நேரம் கங்கு நிற்கும். அந்தக் கங்கை அடுப்பில் வைத்து மூங்கில் சிராயைப் போட்டு ஊதியிருந்தால் ஒரு பானைத் தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கலாம். சோறு பொங்கத் தெரிந்த பிள்ளைக்கு அது தெரியாதா? தெரியும். சாமியின் தீயில் யாராவது உலை வைப்பார்களா?

சித்தப்பா எழுந்து கூஜாவை எடுத்தார், புட்டியைத் திறந்தார். கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினார். தூரத்தில் கருகிக் கிடந்த தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடைக்குப் போய், கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கொண்டுவந்து அப்பாவுக்குக் கொடுத்தார். வேறு என்ன செய்வார்? நாக்கு வறண்டு, தண்ணீர் தண்ணீர் என்கிறவரைச் சும்மா எப்படி விடுவது? வண்டி வரும்வரை அதைத்தான் கொடுத்தார்.

ஓடையில் அள்ளிக் குடித்த அன்றே நோய் வயிற்றுக்குள் போய்விட்டது, அந்த மருந்து இருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று பிற்காலத்தில் ஒரு டாக்டர் சொன்னார். இருக்கலாம். டாக்டர்கள் என்னைப் போன்ற கிழவிகளுக்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்வார்கள்.

மாவ்பி வருவதற்கு முன்பே, வண்டியில், அப்பா போய்விட்டார். ஊலே மாட்டை நிறுத்தவில்லை, தலைத்துணியை மட்டும் கழற்றிக்கொண்டார்.

மாவ்பிச் சந்தை வந்ததும் சித்தப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். அப்பாவை ஊலேயிடம் விட்டுவிட்டு, என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். எலுமிச்சம்பழம் வாங்கினார். குழாயடியில் குந்தி உட்கார்ந்து பழத்தைப் பல்லால் கடித்துப் பிளந்தார். மருந்தை வழித்த என் விரல் நுனிகளெல்லாம் புகையிலை நிறத்தில் கறை பிடித்திருந்தன. சாம்பல் போட்டுத் தேய்த்தும் அது போயிருக்கவில்லை. ஒவ்வொரு விரலாகச் சாற்றை விட்டுத் தேய்த்தார்.

"எரியுது சித்தப்பா."

"எரியட்டும். இன்னும் ரெண்டு வெரலு." நகக்கண்ணை ஒரு ஈர்க்குச்சியால் சுத்தம் செய்தார். கறை மாயமாகப் போய்விட்டது. செத்துப்போன அண்ணனை வண்டியில் போட்டுவிட்டு இப்படிப் பிள்ளைக்குக் கை கழுவி விடுகிறாரே, இந்த மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

வீட்டு வாசலில் அம்மா மடியில் தம்பியோடு உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த பிறகு கேட்டாள்: "மருந்து கொண்டு போனியே, அது எங்கடா?"

"இருந்துச்சு அண்ணி. நான்தான் சாமி வருதுன்னு வேடிக்க காட்டி எல்லாத்தயும் தீத்துட்டேன்."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும்."

"இனி இந்த வாசப்படிய மிதிக்காத" என்றாள் அம்மா. அவர் மிதிக்கவில்லை. தம்பி கல்யாணத்தின்போதும் தெருவிலேயே நின்றுவிட்டுப் போனார்.

எனக்கு அன்று ஆச்சரியம் தாங்கவில்லை. கால்வாசிப் புட்டி மீதி இருந்ததை அவரே அல்லவா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்? எப்படி மறந்தார்? பிறகு எனக்குப் புரிந்துவிட்டது. வேறு எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று நான் சொன்னேன் அல்லவா? சாமி சித்தப்பாவின் ஞாபகத்தை எடுத்துக்கொண்டுவிட்டது.

அம்மா என்னைக் கிட்டே இழுத்து, என் இரண்டு கைகளையும் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். காட்டிலிருந்து வந்த பிள்ளையின் கை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பார்க்கட்டும் என்று, முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பிக் காட்டினேன்.