சத்தம் அளக்கும் சத்யப்ரியா

கூடத்துக்குள் நுழைந்ததும் சத்யப்ரியா மெஷின்களை எண்ணுகிறார். ஓடுவது எத்தனை, நிற்பது எத்தனை. விருந்தாளி வந்தால் சத்தத்தைக் குறைப்பது, பட்டுத் தொழில் நடக்கும் பிள்ளையார்பாளையத்து மரியாதை. சத்தத்தை அளக்க வருகிறவருக்கும் அதே மரியாதைதான். "எனக்காக ஒண்ணும் நிறுத்தாதீங்கபா, ஓடட்டும்" என்று கெஞ்சுவதிலேயே அவருக்குப் பாதிக் காலை போய்விடுகிறது.

தொழிற்கூடங்களில் சத்தத்தை அளந்து, அங்கே வேலை செய்கிறவர்களின் காது கெடுமா என்று எழுதிக் கொடுப்பது இவர் வேலை. வயது நாற்பது இருக்கும். வீட்டில் மடித்த கம்பளியின் மேல் மிக்சியை வைத்துத்தான் சட்னி அரைக்கிறார். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களை, முன்பின் தெரியாதவர்களானாலும், எழுப்பிப் பின்வரிசைக்கு அனுப்பிவிடுவார். சொந்தக்காரர்கள் பத்திரிகை வைக்கவே யோசிக்கிறார்கள். எனக்கு இவரை ரொம்பப் பிடிக்கும்.

போன மாதம் பட்டு நூல் முறுக்கும் கூடம் ஒன்றில், எல்லம்மாள் என்ற தொழிலாளியின் தோளில் தீப்பெட்டி அளவுக் கருவியைக் குத்திவிட்டார். நாள் முழுக்க அவர் காதுக்குப் போகும் சத்தத்தை அது கணக்கெடுக்கும். தொண்ணூறு டெசிபலைத் தாண்டினால் அங்கே வேலை செய்யும் பன்னிரண்டு பேருக்கும் காதுக் கவசமும் செவிப் பரிசோதனையும் முதலாளி செய்து தர வேண்டும். சாயங்காலம் கருவி காட்டியது எழுபது.

முதலாளி குமரகுருவுக்கு வாயெல்லாம் பல். "எழுபதுதான் மேடம். எழுதிக் குடுத்துடுங்க."

"எழுபதுன்னா நீங்க ஏன் சார் என் காதாண்ட வந்து கத்திக்கினு இருக்கிறீங்க?"

எல்லம்மாளை வெளியே அழைத்துப் போய் விசாரித்தார். எண்ணெய் தெறித்துவிடக் கூடாதென்று, அந்தம்மாள் கருவியைக் கைக்குட்டையில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்திருந்தார். "வெலகொண்ட சாமான் மேடம். கெட்டுப்பூட்டா நான் எங்க போவேன்?"

"அது கெட்டா வேற வாங்கலாங்கா. உங்க காது கெட்டா?"

திட்டவில்லை. மறுநாளும் வந்தார், மறுபடி குத்திவிட்டார். தொண்ணூற்று நான்கு. கவசத்துக்கும் பரிசோதனைக்கும் சம்மதித்து, குமரகுரு முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அன்றைய வேலை முடிந்து மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. எல்லம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "எல்லம்மாக்கா, நாளைக்குக் காது டெஸ்டுக்கு வந்துடுங்க" என்றார் சத்யப்ரியா பின்னாலிருந்து. பதில் இல்லை. சற்று உரக்கச் சொன்னார். அப்போதும் அந்தம்மாள் திரும்பவில்லை.

சத்யப்ரியா சுற்றிக்கொண்டு முன்னால் போனார். தரையில் குந்தி, எல்லம்மாளின் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்து, குரலை உயர்த்தாமல், உதடுகளை நன்றாக அசைத்து, முதலிலிருந்து சொன்னார்.