குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆந்திர எல்லையில் இருக்கும் எளாவூர் சோதனைச் சாவடியில் எழுத்தராக இருந்தேன். லாரி எண், சரக்கு, வந்த நேரம், போன நேரம். நாள் முழுக்க இதையேதான் பதிவேட்டில் எழுத வேண்டும். ஓட்டுநர்களுக்கு எப்போதும் அவசரம். அவர்கள் பேசிய தெலுங்கும் இந்தியும் எனக்கு வராது. சீட்டை நீட்டுவார்கள், முத்திரை குத்துவேன், போய்விடுவார்கள். கூட இருந்த காவலரோ வாயைத் திறந்தால் வெற்றிலைச் சாறு வழிந்துவிடும் என்று மூடியே வைத்திருப்பார். கல்யாணம் ஆகவில்லை. கும்மிடிப்பூண்டியில் எடுத்திருந்த அறைக்குத் திரும்பினால் சுவர்தான் துணை.

அதனால் டைரி எழுதினேன். சாவடிக்கும் அதைக் கொண்டுபோவேன். பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. குழம்பில் உப்பு ஜாஸ்தி, கால் ஆணி வலிக்கிறது, அம்மாவிடமிருந்து கடிதம் வரவில்லை. இருந்தாலும் எழுதி முடித்ததும் யாரிடமோ சொல்லித் தீர்த்ததுபோல் இருக்கும். அது இல்லாமல் போயிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

ஒரு மத்தியானம் டைரியும் பதிவேடும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் திறந்து கிடந்தன. ஒரு நெல் லாரியைப் பதிந்த கையோடு, டைரி என்று நினைத்து, பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் எழுதிவிட்டேன்: 'இன்றோடு நாலு நாள். வேலைக்கு வேண்டியதைத் தவிர யாரும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.'

எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன். சர்க்கார் பதிவேட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் உண்டு. கிழித்தால் வேலை போய்விடும். கோடு போட்டு அடிப்பதென்றாலும் மேலதிகாரி கையெழுத்து வேண்டும். மறுநாள் ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் நானே கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் இரண்டு தடவை படித்தார்.

"இன்னாய்யா இது?"

"டைரின்னு நெனச்சிக்கினு எழுதிட்டேன் சார்."

"மேல யாராவது பாத்தா பேஜாரு. அடிச்சிட்டு, 'இது உண்மையில்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. நானும் போட்டுடறேன்."

உண்மைதான் சார் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. வேலையை நினைத்து விழுங்கினேன். அவர் சொன்னபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். ஏன் அப்படி எழுதினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் டைரியைத் திறந்தேன். பதிவேட்டில் அடித்த வரியை ஓர் எழுத்து மாறாமல் அதில் எழுதினேன். கீழே, 'இது உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.