மாமி முன்னுக்கு வராத நாட்கள்

குளியலறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. என் வெள்ளைச் சப்பாத்துகள் உள்ளே ஹீட்டரின் மேல் காய்ந்துகொண்டிருந்தன. மாமியும் உள்ளேதான் இருந்தார். கொலோனில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டில், ஒரு சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, பதினைந்து வயதில், அந்தக் கதவை நான் முதலில் தட்டினேன், பிறகு குத்தினேன், கடைசியில் காலால் உதைத்தேன். அடுத்த ரயிலைத் தவறவிட்டால் சியர்லீடிங் குழுவுக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்குப் பிந்திவிடுவேன். பிந்தி வருபவர்களை உள்ளே விடமாட்டேன் என்று பயிற்சியாளர் முன்னரே சொல்லியிருந்தார். "மாமி, சப்பாத்தைத் தாங்கோ" என்று நான் கத்த, உள்ளேயிருந்து ஒரு நிதானமான குரல், "நீ முதல் வெளிக்கிடு பிள்ளை, நான் பிறகு எடுத்து வைக்கிறன்" என்றது. சப்பாத்து இல்லாமல் எப்படி வெளிக்கிடுவது என்று கேட்டேன். உள்ளே தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

மாமி அப்பாவின் தங்கை. கலியாணமாகி எட்டாம் மாதம் ஊரில் கணவரைப் பறிகொடுத்தவர். எனக்கு ஏழு வயதாகவும் தம்பி கைக்குழந்தையாகவும் இருக்கும்போது ஜெர்மனிக்கு வந்து, என் அறையில் என் கட்டிலுக்கு எதிரே இன்னொரு கட்டில் போட்டுக்கொண்டார். ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் அவருக்கு வேலை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி உண்டு. பரீட்சையோ, வகுப்பில் எழுந்து நின்று வாசிப்பதோ, எது வந்தாலும் முதல் நாளே கை இரண்டும் குளிர்ந்து வேர்த்துவிடும். அம்மா தண்ணீர் குடிக்கச் சொல்லுவார். அப்பா பயப்படாதே என்பார், அதைக் கேட்டதும் பயம் கூடும். மாமி மட்டும் புத்தி சொல்ல மாட்டார். என் இரண்டு உள்ளங்கைகளையும் தன் கைகளுக்கு இடையில் வைத்து அழுத்திக்கொண்டு, அன்றைக்கு வேலையில் நடந்ததைச் சொல்லத் தொடங்குவார். எத்தனை கட்டில் விரிப்பு வந்தது, எந்தக் கிழவரின் காலுறையில் ஒன்று காணாமல் போனது, அது யாருடைய தலையணை உறைக்குள் கிடந்து அகப்பட்டது. இவ்வளவு சுவாரசியமில்லாத கதையை இவ்வளவு பொறுமையாகச் சொல்ல இன்னொருவரால் ஏலாது. பாதிக் கதையில் என் கைகள் சூடாகிவிடும். அந்தக் கதையைக் கேட்டு நான் எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறேன்.

ஆனால் எல்லாம் முதல் நாளோடு சரி. அலுவல் நடக்கும் நாள் காலையில் மாமி மறைந்துவிடுவார். எங்கள் ஆட்கள் முழுவியளம் என்பார்கள். நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது முதலில் எந்த முகம் எதிர்ப்படுகிறதோ, அதைப் பொறுத்துத்தான் காரியம் நடக்குமாம். கணவனை இழந்தவள் எதிரே வரக் கூடாதாம். இதை மாமிக்கு ஊரில் யாரோ, எப்போதோ, நன்றாகத் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். விமானம் ஏறி, அகதி விண்ணப்பம் கொடுத்து, ஜெர்மன் பாஷை படித்து, எல்லாம் மாறிய பிறகும் அது மட்டும் இறங்கவில்லை. அப்பா புது வேலைக்குப் போன அன்று மாமி சமையலறையில் நின்றார். எனக்குப் பள்ளிக்கூடம் மாறிய அன்று கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒளியச் சொல்லி எங்கள் வீட்டில் ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லை. ஒளிய வேண்டாம் என்றும் ஒருவரும் சொன்னதில்லை. அம்மாவிடம் இதைக் கேட்டபோது, "அவவின்ரை விருப்பத்துக்கு விடு" என்று வெங்காயத்தை வெட்டிக்கொண்டே சொன்னார். அந்த வெங்காயத்தையும் கத்தியையும் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது எனக்கு.

அந்தச் சனிக்கிழமை கடைசியில் கதவு நான்கு விரல் அகலத்துக்குத் திறந்தது. மாமியின் கை மட்டும் வெளியே வந்து, சப்பாத்துகளை ஒவ்வொன்றாக வைத்துவிட்டு உள்ளே போக, கதவு மறுபடி பூட்டிக்கொண்டது. நான் லேஸ் கட்டாமலே ஓடினேன். ரயில் போய்விட்டது. அடுத்ததைப் பிடித்து ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பயிற்சியாளர் கதவை மூடிக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, என்ன நினைத்தாரோ, உள்ளே விட்டார். ஆடச் சொன்னார்கள், தாளம் தவறினேன். குதிக்கச் சொன்னார்கள், கோணலாகக் குதித்தேன். ஆனால் மூன்று பெண்கள் கீழே நின்று ஒருத்தியைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடிக்கும் விளையாட்டு அது. மேலே ஏறுவதற்கு எடை குறைந்த ஒருத்தி தேவைப்பட்டாள். எங்கள் வகுப்பிலேயே ஒல்லிக்குச்சி நான்தான். என்னை எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். என் தலையைத் தடவி, "பாத்தியே, நான் முன்னுக்கு வராததாலைதான் கிடைச்சது" என்றார். உங்களால்தான் பிந்தினேன், உங்களால்தான் கிடைக்காமல் போகப் பார்த்தது என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். "பிந்தியும் கிடைச்சதுதானே" என்றார்.

அடுத்த வசந்தத்தில் முதல் போட்டி வந்தது. பயிற்சியாளர் பதற்றத்துக்கென்று சில வழிகள் சொல்லித் தந்தார். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். மேலே ஏறியதும் கீழே பார்க்கக் கூடாது. பார்வையாளர்களுக்குள் உங்களுக்குப் பிடித்த ஒரு முகத்தை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கண்ணை அந்த முகத்தில் வையுங்கள், உடம்பு தானாக நிற்கும் என்றார். மற்றவர்கள் எல்லாரும் உடனே யோசித்து வைத்துவிட்டார்கள், ஒருத்தி அம்மாவை, ஒருத்தி காதலனை. எனக்கு ஒரே ஒரு முகம்தான் தோன்றியது. இந்த உலகத்தில் எத்தனையோ முகம் இருக்க, தன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று ஒளிகிற மனுசியின் முகம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

மூன்று கிழமையாக மாமியோடு மல்லுக்கட்டினேன். முதலில் வேலை என்றார். பிறகு முழங்கால் நோகுது என்றார். கடைசியில் உண்மையைச் சொன்னார். "உன்னை மேலை தூக்கிப் பிடிக்கினமாம். விழுந்தாக் கழுத்து முறிஞ்சிடும். அந்த இடத்திலை நான் வந்து முன்னுக்கு இருக்கிறதே?" என்றார். நீங்கள் முன்னால் இருந்தால்தான் நான் விழமாட்டேன் என்று சொன்னேன். அழுதேன். சாப்பிடாமல் கிடந்தேன். "ஓம், வாறன்" என்றார். நான் நம்பினேன். அப்பாவோடு மூன்றாவது வரிசையில், இடது பக்கத்து ஓரத்தில் இருக்க வேண்டும் என்று தாளில் படம் வரைந்து கொடுத்தேன். முதல் நாள் பின்னேரம் கட்டில் விரிப்புக் கதையும் ஒழுங்காக நடந்தது.

போட்டி டோர்ட்முண்டில். பெரிய ஹால், காதைப் பிளக்கும் பாட்டு, தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயின் மணம். எங்கள் முறை வந்து மெத்தைக்கு ஓடினோம். முதல் நிமிடம் எனக்கு நினைவே இல்லை. பிறகு என் கால்களைப் பிடித்தார்கள், மூன்று எண்ணினார்கள், மேலே போனேன். மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். ஓரத்தில் அப்பா வீடியோ கமராவைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு இருந்தார். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் மாமியின் சாம்பல் நிறக் குளிர்க்கோட்டு மட்டும் இருந்தது. யாரும் இருந்துவிடக் கூடாது என்று இடம்பிடித்து வைத்தது போல, கைகளை மடித்து ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. நான் அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு முகத்தைத் தேடினேன். அடுத்த வரிசையில் தேடினேன். வலது கால் நடுங்கத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது, நிறுத்த முடியவில்லை.

விழுந்த என்னைக் கீழே நின்றவர்கள் பிடித்துவிட்டார்கள். எனக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் என் முழங்கை பட்டு ஒருத்தியின் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. அவள் அப்படியே சிரித்துக்கொண்டு கடைசி வரை ஆடினாள். கடைசிக்கு முந்திய இடம் எங்களுக்கு. உடுப்பு மாற்றும் அறையில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

வெளியே வந்தபோது மாமி ஹாலின் பக்கக் கதவுக்கு அருகே சுவரோடு சுவராக நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. நான் வாயைத் திறக்க முன்னரே அவர் சொல்லிவிட்டார். "முழு நேரமும் வெளியிலைதான் நிண்டனான் பிள்ளை. மனம் கேக்கேல்லை. ஒருக்காக் கதவை நீக்கிப் பாத்தன். நான் பாக்க நீ விழுந்திட்டாய்." சொல்லிவிட்டுத் தன் கன்னத்தில் தானே அடித்துக்கொண்டார். அவர் முகம் தெரியாததால் நான் விழுந்தேன். அவர் எட்டிப் பார்த்ததால் நான் விழுந்தேன் என்று அவர் நம்பினார். இதை எப்படி உடைப்பது? நான் அவரைப் பார்த்து ஜெர்மனில் கத்தினேன், தமிழில் அவ்வளவு கெட்ட சொல் எனக்குத் தெரியாது. அப்பா, "சரி, சரி, காரிலை ஏறுங்கோ" என்றார். வீடு வரும் வரைக்கும் மாமி ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார்.

அதன் பிறகும் இரண்டு வருடம் குழுவில் இருந்தேன். முகத்துக்குப் பதிலாக வெளியேறும் வழியைக் காட்டும் பச்சை விளக்கைப் பார்க்கப் பழகினேன். விழவில்லை. அவரை மறுபடி கூப்பிடவுமில்லை.

இப்போது மாமி இரண்டு ரயில் தரிப்புத் தள்ளி ஓர் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறார். நான் ஒரு கள்ள வேலை செய்து வருகிறேன். வாகனம் ஓட்டும் பரீட்சைக்குப் போன அன்று, சாப்பாட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தேன் என்று சொல்லி அவர் வீட்டுக்குப் போனேன். கடைசித் தேர்வு அன்று கறிவேப்பிலை கொண்டுபோனேன். வேலைக்கான நேர்முகங்கள், வீட்டுப் பத்திரம் எழுதிய நாள், எல்லாவற்றுக்கும் முதலில் அவர் முகத்தை நன்றாகப் பார்த்து, தேநீர் குடித்து, யாருக்கு என்ன நோய் என்ற கதையைக் கேட்டுவிட்டுத்தான் போனேன். என்ன அலுவல் என்று சொன்னதில்லை. எல்லாம் சரிவந்தது, ஒன்றைத் தவிர. மிகவும் ஆசைப்பட்ட ஒரு வேலை கிடைக்கவில்லை. அந்த மறுப்புக் கடிதத்தைப் படித்ததும் என் தலைக்குள் முதலில் வந்தது மாமியின் முகம்தான். ஒரு நொடிதான். இருந்தும் வந்தது. இதையெல்லாம் வாய் கிழிய எதிர்த்துப் பேசுகிற எனக்கே வந்தது. அன்று என் மீது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

போன மாதம் ஒரு காலை, மாமி வீட்டில் தம்பியின் கலியாணப் பேச்சு வந்தது. மண்டபத்தில் சமையல் பக்கம் நிற்கிறேன், முன்னுக்கு வரமாட்டேன் என்றார் மாமி. எனக்குப் பொறுமை போய்விட்டது. இத்தனை வருடம் உங்கள் முகத்தில் முழித்துவிட்டுத்தான் எல்லாவற்றுக்கும் போனேன் என்று ஒவ்வொன்றாக எண்ணி எண்ணிச் சொன்னேன். மாமி அடுப்பை அணைத்தார். கதிரையில் இருந்தார். பிறகு, "எல்லாம் சரிவந்ததோ?" என்று கேட்டார்.

"ஓம் மாமி, எல்லாம்" என்றேன்.

"கடவுள் காப்பாத்தினவர். இனி உப்பிடிச் செய்யாதை பிள்ளை" என்றார். எழுந்து அடுப்பை மறுபடி பற்றவைத்து, மெல்லிய குரலில், "இண்டைக்கும் ஏதும் அலுவலோ?" என்று கேட்டார்.

இல்லை, சும்மாதான் வந்தேன் என்றேன். பதினொரு மணிக்கு எனக்கு வைத்தியசாலையில் வைத்தியரைப் பார்க்க நேரம் குறித்திருந்தது.