பிடுங்கச் சொன்ன செடிகள்

அறந்தாங்கிப் பக்கத்தில் அரை ஏக்கரில் கனகாம்பரமும் மல்லிகையும் வைத்துப் பிழைக்கிறவள் செங்கமலம். பனி என்றால் அவளுக்கு மார்கழி விடியலில் பூப்பறிக்கையில் விரல் மரத்துப்போகுமே, அவ்வளவுதான். அப்பேர்ப்பட்டவள் போன வருஷம் கனடாவில் ஒரு தோட்டம் போட்டாள், இங்கிருந்தபடியே, செல்போனில்.

வேறு வழி? மகள் சிவரஞ்சனி அங்கேதான் இருக்கிறாள். மாசி மாதம், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை தங்காமல் போய்விட்டது. அதிலிருந்து அவள் கட்டிலை விட்டு எழுவதில்லை என்று மருமகன் வசந்த் போனில் அழுதான். செங்கமலம் கேட்ட விசா இரண்டு முறையும் இல்லையென்று வந்துவிட்டது. பெற்ற மகள் படுத்துக் கிடக்கிறாள், ஒரு வாய் ரசச்சோறு ஊட்டப் போக விடமாட்டார்களாம். நல்ல சட்டம் போட்டார்கள் போங்கள்.

எப்படியாவது இவளை வாசலுக்கு இழுக்க வேண்டுமே. “வீட்டு முன்னாடி மண்ணு சும்மாதானத்தா கெடக்கு. என்ன கலர்ல பூ வேணும்?” என்று ஒருநாள் கேட்டாள்.

“ஊதா, நீலம்,” என்றாள் சிவரஞ்சனி. பள்ளிக்கூடத்துக்கு டிசம்பர் பூ வைத்துக்கொண்டு போன பிள்ளையல்லவா.

அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டாள் செங்கமலம். நம் மல்லிகைபோல வருஷக்கணக்கில் நிற்கிற செடியாக இருக்க வேண்டும் என்று கறாராகச் சொன்னாள். மகள் அந்த ஊர்ச் செடிகளின் பெயர்களை வாசிக்க வாசிக்க, காலண்டர் தாளின் பின்பக்கம் பாத்தி வரைந்தாள். நெட்டையாக வளரும் நீல டெல்ஃபினியம் பின்வரிசை, ஊதா சால்வியா முன்வரிசை, முழத்துக்கு ஒன்று. வைகாசியில் நட்டாயிற்று. ஆடியில் பூத்ததும் படம் வந்தது. படத்தின் மூலையில் சிவரஞ்சனியின் பாதம், செருப்போடு. செங்கமலம் பூவைப் பார்த்ததைவிட அந்தச் செருப்பைப் பார்த்ததுதான் அதிகம்.

ஐப்பசியில் ஒருநாள், “எல்லாம் கருகிருச்சும்மா. தரையோட போச்சு,” என்றாள் மகள்.

பூக்காட்டுக்காரர்கள் காய்ந்த செடியை ஒருநாள்கூட விட்டுவைக்க மாட்டார்கள். வேரழுகல் பக்கத்துச் செடிக்குப் பரவிவிடும். செங்கமலமும் யோசிக்காமல் சொன்னாள்: “பட்டுப்போனத வச்சிருக்கக் கூடாதுத்தா. வேரோட புடுங்கித் தூரப் போடு. வேற வைப்போம்.”

பிடுங்கிவிட்டேன் என்று மறுநாளே பதில் வந்தது. அப்புறம் தினமும் நடக்கப் போகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றாள். செங்கமலம் குலசாமிக்குப் பொங்கல் வைத்தாள்.

தை மாதம், அடுத்து என்ன செடி வைக்கலாம் என்று செல்போனில் தேடும்போதுதான் அந்த வீடியோ கண்ணில் பட்டது. குளிர்நாட்டில் இந்தச் செடிகள் மேலேதான் காயுமாம். வேர் பனிக்கடியில் உயிரோடு கிடந்து, பனி உருகியதும் துளிர்க்குமாம்.  பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம், உயிருள்ள வேரைப் பிடுங்கி எறியச் சொன்னேனே பாவி! மூன்று மாதம் சோறு இறங்கவில்லை. சொல்லவும் வாய் வரவில்லை.

சித்திரையில் ஒரு சாயங்காலம், வரப்பில் நின்றபடி, அடக்கமாட்டாமல் எல்லாவற்றையும் மகளிடம் சொல்லிவிட்டாள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

“நான் புடுங்கலம்மா,” என்றாள் சிவரஞ்சனி.

“என்னத்தா சொல்ற?”

“பூ கருகுனதும் மறுபடி படுத்துட்டேன். எந்திரிச்சாத்தானே புடுங்க. நடக்கப் போறேன்னதும் பொய்தான். நீ கெடந்து தவிப்பேன்னு, அவரையும் சொல்ல விடல.”

செடி பிழைத்ததே என்று மகிழ்வதா? ஆறு மாதமாக மகள் போர்வைக்குள் கிடந்துகொண்டே நடக்கிறேன், சாப்பிடுகிறேன் என்றாளே, அதற்கு அழுவதா? செங்கமலம் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். திட்டத்தான் வாயெடுத்தாள்.

“ஒஞ் செருப்பு எங்கிட்டுக் கெடக்கு?” என்றாள்.

“வாசக்கதவுகிட்ட.”

“போட்டுக்கிட்டுப் போயி, துளுத்திருக்கான்னு குனிஞ்சு பாத்துச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்.”

 செங்கமலம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நன்றாக இருட்டிய பிறகு, அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது.