மறையூருக்கு வந்த கிட்டார்க்காரர்

மறையூரில் நாங்கள் வெல்லம் காய்ச்சும் கொட்டகையைப் பார்க்க ஒருநாள் பிரபலமான ராக் கிட்டார்க்காரர் ஒருவர் வந்தார். நரைத்த குடுமி, காதில் வளையம். டிவியில் பார்த்த அதே முகம். இடது கை விரல்கள் மட்டும் சட்டைப் பொத்தானை நடுக்கத்தோடு தடவிக்கொண்டே இருந்தன.

கொதிக்கும் கரும்புச் சாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று தோளில் இருந்த கிட்டாரைக் கழற்றி அடுப்புக்குள் தள்ளிவிட்டார்.

“ஐயோ, என்ன சார் இது!” என்று பாய்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்க. இந்த நடுக்கம் இனிமே நிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“வாசிக்கத் தெரிஞ்ச யாருக்காவது குடுத்திருக்கலாம்ல சார்?”

“அவன் என்னைவிட நல்லா வாசிச்சுட்டான்னா?”

அடுப்புக்குள் ஒரு கம்பி ‘டங்’கென்று ஒலித்து அறுந்து தெறித்தது.

“சுதி இறங்கியிருக்கு” என்று முணுமுணுத்தார். அதைக் கேட்டபின் அவர்மேல் கோபப்படவும் என்னால் முடியவில்லை.