சிவக்காத பெட்டி

குவாரியில் எல்லோரும் அவளைச் "செட்டக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளத்தில் வேலை செய்பவர்களுக்கு எச்சரிக்கை சொல்லும் ஒலிபெருக்கி செட்டைப் பழுது பார்ப்பவள். பயந்த சுபாவம், பற்றவைத்த கம்பியைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பாள். அவளுடைய தம்பி அந்தப் பள்ளத்தில்தான் பாறை உடைத்தான்.

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் கரண்ட் போனால் ஊமையாகிவிடும். கரண்ட் இருந்தாலும் அதன் கண்ணாடி வால்வுகள் சூடேறிச் சிவந்த பிறகுதான் வாய் திறக்கும். அதனால் பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் செட்டக்காவே செய்தாள். சின்னப் பெட்டி; போட்டதும் பேசும். ஆனால் டிரான்சிஸ்டருக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது. சூடேறினால் அதிக மின்சாரம் இழுக்கும்; இழுத்தால் இன்னும் சூடேறும்; கடைசியில் கருகிவிடும். அதைத் தடுக்க, டிரான்சிஸ்டர்களைப் பொருத்திய அலுமினியத் தகட்டிலேயே ஒரு டயோடையும் ஒட்டவைத்திருந்தாள். தகடு சுட்டால் அது மின்சாரத்தைக் குறைக்க வேண்டும்.

குறைக்குமா? அந்தக் கேள்வி அவள் நெஞ்சை அரித்துக்கொண்டே இருந்தது.

பெட்டியை மாட்டிய மறுநாள் மதியம் மழை பிடித்தது. கரண்ட் போயிற்று. மேஸ்திரி ஓடிவந்தார்.

"கிழக்குச் சுவர் பிளக்குது! எல்லாரையும் மேல வரச் சொல்லுங்க!" என்று அறிவிப்புச் செய்யும் மைக்குக்காரரின் அறையைப் பார்த்துக் கத்தினார்.

பக்கத்து அறையில் இருந்த செட்டக்கா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒலிபெருக்கி மூச்சு விடவில்லை. கருகிவிட்டதா? தம்பி கீழே இருக்கிறானே! உள்ளே பாய்ந்தாள்.

மைக்குக்காரர் மைக்கை வாயருகே வைத்தபடி பெட்டியின் துளைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே பேசல?"

"போட்டுட்டேன்மா... இன்னும் சிவக்கலியே!"

வால்வு சிவந்த பிறகே பேசிப் பழகிய மனுஷர்.

"இது சிவக்கவே சிவக்காதுண்ணே! நேத்து படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! பேசுங்க!"

"மேல வாங்க! எல்லாரும் மேல வாங்க!"

குரல் அந்தக் கணமே பள்ளம் முழுக்க முழங்கியது. அவர் நிறுத்தாமல் கத்தினார். அவள் தகட்டின்மேல் விரலை வைத்தாள். சுட்டது. இன்னும் சுட்டது. இதோ போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதற்குமேல் சூடு ஏறவில்லை.

ஆட்கள் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். கடைசியாகத் தம்பி. அவன் மேட்டில் கால் வைத்தபோது சுவர் சரிந்தது. கீழே விட்டுவந்த கூடைகள் இருந்த இடமே தெரியவில்லை.

"ஏன்க்கா இவ்வளவு லேட்டு? மைக் அண்ணன் தூங்கிட்டாரா?" என்றான் சேற்றை வழித்துக்கொண்டே.

மறுநாள் பெட்டியின் முகப்பில் ஓட்டை போட்டு ஒரு சிவப்பு பல்பு மாட்டினாள். ஆம்ப்ளிஃபயருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சுவிட்சைப் போட்டால் எரியும், அவ்வளவுதான்.

"இப்பத்தாம்மா செட்டு மாதிரி இருக்கு!" என்றார் மைக்குக்காரர்.

அவள் சிரிக்கவில்லை. பல்பு ஃபியூஸ் ஆனால் இவர் என்ன செய்வார் என்ற பயம் அதற்குள் பிடித்துக்கொண்டிருந்தது.