சார் வந்த படம்

செங்கம் சாலையில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஓர் இங்கிலாந்துக்காரர் குடியிருந்தார். எங்களுக்கு அவர் சார். மலையைப் பார்த்துத் தியானத்தில் உட்கார வந்தவர், போக மனமில்லாமல் தங்கிவிட்டார். வாலிபத்தில் டிரம்ஸ் வாசித்தவராம். பெரிய கம்பெனிகள் சீந்தாத பையன்கள் ஒன்றுகூடி, தங்கள் பாட்டைத் தாங்களே இசைத்தட்டாகப் போட்டு விற்ற ஊராம் அவருடையது. பிற்பாடு அந்தப் பாட்டுக்கு ஏக மவுசாகி, அந்தக் கூட்டத்தைப் பற்றிப் படமே எடுத்துவிட்டார்கள். தபாலில் டிவிடி வந்தது. அவரிடம் டிவி இல்லை, எங்களிடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா வடை சுட்டாள். சார் சலவைச் சட்டையில் இறங்கி வந்தார். "அதுல நான் இருக்கேனா, தெரியல" என்று அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கதையில்லாத படம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது கல்யாண வீடியோதான். அதைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. தாலி கட்டுவது யாராயிருந்தாலும் சரி, பந்தியில் நம் முகம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் நிறுத்திச் சிரிக்க வேண்டும். இங்கிலாந்துப் படத்தையும் அப்படியே பார்த்தோம். வயதானவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"சார் எப்பங்க வருவாரு?"

சார் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வடை அவர் கையிலேயே ஆறிப்போயிருந்தது. படம் முடியப்போகும் நேரத்தில், இருட்டு மேடையில் ஒரு பையன் முகமெல்லாம் முடி விழ டிரம்ஸ் அடித்தான். ரிமோட்டோடு காத்திருந்த சித்தி சட்டென்று நிறுத்தினாள்.

"தோ, சாரு! எம்மாம் முடி, பாருக்கா!"

அப்பா கை தட்டினார். நான் குதித்தேன். சார் டிவியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஆமா, நான்தான்" என்றார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்று சித்தி சேனலை மாற்றிவிட்டாள்.

அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த இடத்தை ஓட்டி நிறுத்துவோம். மாடியிலிருந்து சாரைக் கூப்பிடுவோம். அவரும் அலுத்துக்கொள்ளாமல் வந்து, டிவிக்குப் பக்கத்தில் நின்று கும்பிடு போட்டுவிட்டுப் போவார்.

போன வருடம் அதே படத்தை செல்போனில் முழுதாகப் பார்த்தேன். நாங்கள் நிறுத்திய இடத்துக்கு அடுத்தாற்போலவே அந்தப் பையனின் பெயர் வருகிறது. அது சாருடைய பெயர் இல்லை. கடைசியில் ஓடும் பெயர்களிலும் அவர் இல்லை.

அதற்குப் பல வருடம் முன்பே, சார் ஊருக்கே திரும்பிப் போன காலையில் டிவிடி எங்கள் டிவி மேலேயே கிடந்தது. மறந்துவிட்டார் என்று ஆட்டோவரை ஓடிப்போய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"உங்க வீட்ல போட்டாதான் நான் வரேன். அங்கியே இருக்கட்டும்."

எந்த வீட்டில் போட்டாலும் படம் ஒன்றுதானே! இத்தனை வருடம் இருந்தும் சாருக்குத் தமிழில் ஒழுங்காகப் பேச வரவில்லை என்று சித்தியிடம் சொல்லிச் சிரித்தேன்.